மூக்குத்தி ஷார்ப், கண் அவுட்

கமெரா கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே முறைப்பாடு: "கமெரா பீப் என்கிறது, படம் அவுட்." ஃபோகஸ் பிடித்துவிட்டேன் என்று கமெரா சொல்கிறது, படமோ மங்கல். சரி, இந்த முறை பக்கம் முழுவதையும் ஓட்டோ ஃபோகஸுக்கே கொடுத்துவிடுகிறேன். ட்ரோன் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: நிக்கோன் டி7100, 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸ் வைத்திருக்கிறேன். போன கிழமை கலியாண வீடொன்றில் மணப்பெண்ணைக் கிட்ட நின்று எடுத்தேன். சில படங்களில் மூக்குத்தி ஷார்ப், கண் அவுட். சில படங்களில் காதுத் தோடு ஷார்ப், கண் அவுட். நான் கண்ணில்தான் புள்ளியை வைத்தேன். கமெராவைக் கொழும்புக்கு அனுப்பட்டுமா அண்ணன்?
– வாசகர், ஆரையம்பதி

பதில்: இப்போதைக்கு அனுப்ப வேண்டாம் தம்பி. விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

சந்தையில் மீன் நிறுக்கிற தராசு பழுது என்றால் அது ஒரு பக்கத்துக்குத்தான் சாயும். எந்த நாள் நிறுத்தாலும் 50 கிராம் குறைகிறதா, குற்றம் தராசில். ஒருநாள் குறைந்து ஒருநாள் கூடினால் நிறுக்கிறவரின் கையைப் பார்க்க வேண்டும். உங்கள் ஃபோகஸ் ஒருமுறை கண்ணுக்கு முன்னால் மூக்குக்கு வருகிறது, ஒருமுறை கண்ணுக்குப் பின்னால் காதுக்குப் போகிறது. பழுதான கமெரா அப்படி இரண்டு பக்கமும் ஆடுவது குறைவு.

முதலில் கணக்கைப் பாருங்கள். உங்கள் கமெராவில் 50 எம்.எம். லென்ஸை எஃப் 1.8 இல், அதாவது அதன் வாயை முழுதாகத் திறந்து, 1 மீற்றர் தூரத்தில் நின்று எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் மொத்தமாக 3 சென்ரிமீற்றர்கூட இல்லை. கண்ணுக்கு முன்னால் ஒன்றரை, பின்னால் ஒன்றரை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் இடையிலேயே அதைவிடக் கூட இருக்கும். அதாவது, பெருவிரல் அகலம் பிசகினால் கண் போய்விட்டது.

இனி மூக்குத்தி. வியூஃபைண்டரில் தெரிகிற சின்னச் சதுரம்தான் ஃபோகஸ் புள்ளி என்று நாம் நினைக்கிறோம். உள்ளே இருக்கிற சென்சர் பார்க்கிற இடம் அந்தச் சதுரத்தைவிடப் பெரியது. அது எப்போதும் வெளிச்சமும் இருட்டும் பலமாக வெட்டுகிற விளிம்பைத் தேடும். மை பூசிய கண்ணுக்குப் பக்கத்தில் கல் வைத்த மூக்குத்தி மின்னினால், நெற்றிச்சுட்டி தொங்கினால், அது எதைப் பிடிக்கும்? நானாக இருந்தாலும் மூக்குத்தியைத்தான் பார்ப்பேன். அந்தப் பக்கத்துக் கண்ணை விட்டுவிட்டு மற்றக் கண்ணில், இமை மயிரும் வெள்ளை விழியும் சேருகிற இடத்தில் புள்ளியை வையுங்கள். மூக்குத்தித் தொல்லை பெரும்பாலும் அதோடு போய்விடும்.

தோடு ஷார்ப் ஆனதற்குக் காரணம் வேறு. நடுப்புள்ளியைக் கண்ணில் வைத்து, அரைவாசி அழுத்திப் பிடித்தபடி கமெராவைச் சரித்து, முகத்தை ஃபிரேமின் ஓரத்துக்குக் கொண்டுபோயிருப்பீர்கள். நாங்கள் எல்லோரும் ஃபிலிம் காலத்தில் படித்த பழக்கம் அது. 1 மீற்றரில் நின்று 10 டிகிரி சரித்தால் ஃபோகஸ் தளம் கண்ணைவிட ஏறத்தாழ ஒன்றரை சென்ரிமீற்றர் பின்னால் போகிறது. அதோடு, சரிக்கும்போது உடம்பு ஒரு விரற்கடை ஆடாமல் இருக்குமா? கண் போய்த் தோடு வந்துவிடும். எஃப் 8 இல் எடுத்த காலத்தில் இது ஒருவருக்கும் தெரியவில்லை.

டி7100 இல் 51 புள்ளிகள் இருக்கின்றன. கமெராவைச் சரிக்காமல் புள்ளியை நகர்த்துங்கள். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: நடுவில் உள்ள 15 புள்ளிகள்தான் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு திசைக் கோடுகளையும் பார்க்கும். மற்றவை ஒரு திசைக் கோட்டை மட்டும்தான் பார்க்கும். ஓரப் புள்ளியொன்று சேலைக் கரையில் தடுமாறினால் கமெராவை நிமிர்த்திப் பிடித்துப் பாருங்கள், உடனே பிடித்தாலும் பிடிக்கும்.

இன்னொன்று. ஆடுகிற ஆளைத் தொடர்ந்து ஃபோகஸ் பண்ணுகிற ஏ.எஃப்.-சி யில் வைத்து எடுத்தீர்களா? அதில் ஃபோகஸ் வந்தாலும் வராவிட்டாலும் பொத்தானை அழுத்தியதும் படம் எடுக்கும்படிதான் நிக்கோன்காரர் ஆரம்பத்திலேயே வைத்து அனுப்புகிறார்கள். மெனுவில் ஏ1 என்ற இடத்தில் அதை மாற்றலாம். ஆடாமல் இருக்கிற மணப்பெண்ணுக்கு, ஒருமுறை பிடித்து நிறுத்துகிற ஏ.எஃப்.-எஸ் போதும். லென்ஸின் வாயைச் சுருக்கி எஃப் 2.8 க்கு இறங்குங்கள், ஆழம் நாலரை சென்ரிமீற்றர் ஆகும்.

கொழும்பு என்றதும் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு கலியாணம். தாலி கட்டுகிற நேரம் தொடர்ந்து ஒன்பது படம் எடுத்தேன். ஒன்பதிலும் எவரோ முன்னால் நீட்டிய கைப்போன் பளிங்குபோல் தெளிவு. மாப்பிள்ளையும் பொம்பிளையும் மார்கழி மாதத்துப் பனிக்குள் நிற்கிற மாதிரி. கோபத்தில் கமெராவைக் கொழும்பில் ஒரு திருத்துமிடத்துக்கு அனுப்பினேன். மூன்று கிழமை கழித்து "பழுது ஒன்றும் இல்லை" என்ற துண்டோடு திரும்பி வந்தது, பில்லும் வந்தது. அவர்களைத் திட்டிக்கொண்டே திறந்து பார்த்தால், ஃபோகஸ் புள்ளியைக் கமெராவே தெரிவு செய்கிற ஓட்டோ ஏரியாவில் நிற்கிறது. அதில் விட்டால் பெரும்பாலும் கிட்ட இருக்கிற பொருளைத்தான் பிடிக்கும். உதவிக்கு வந்த மருமகன் எப்போதோ மாற்றியிருக்கிறான். மாற்றியது அவன், பார்க்காமல் எடுத்தது நான். அந்த வீட்டாருக்கு இன்றைக்கும் நான் கடன்காரன்தான்.

*

கேள்வி: வீட்டில் கேக் செய்து விற்கிறேன். கெனன் 80டி, 50 எம்.எம். எஃப் 1.8. வியூஃபைண்டரால் பார்த்து கேக்கில் எழுதிய பெயரில் ஃபோகஸ் பண்ணினால் எப்போதும் பெயருக்குப் பின்னால் உள்ள ஐசிங் பூதான் தெளிவாக வருகிறது. அதையே லைவ் வியூவில் திரையைப் பார்த்து எடுத்தால் பெயர் அச்சொட்டாக விழுகிறது. ஒரே கமெரா, ஒரே லென்ஸ். ஏன் ஐயா?
– வாசகி, கல்லாறு

பதில்: "எப்போதும் பின்னால்" என்றீர்கள் பாருங்கள் தங்கச்சி, இதுதான் தராசின் பிழை.

கல்லடியில் வாவியைக் கடக்க 1924 இல் கட்டிய இரும்புப் பாலமும் இருக்கிறது, 2013 இல் திறந்த புதுப் பாலமும் இருக்கிறது. உங்கள் கமெராவுக்குள்ளும் வெளிச்சத்துக்கு அப்படி இரண்டு பாதை. வியூஃபைண்டரால் பார்க்கும்போது லென்ஸுக்குள் வந்த வெளிச்சம் சாய்ந்து நிற்கிற கண்ணாடியில் பட்டு மேலே உங்கள் கண்ணுக்கு வருகிறது. அந்தக் கண்ணாடியின் நடுப்பகுதி கொஞ்ச வெளிச்சத்தைப் பின்னால் விடும். பின்னால் உள்ள குட்டிக் கண்ணாடி அதைக் கீழே, கமெராவின் அடித்தளத்தில் இருக்கிற ஃபோகஸ் சென்சருக்குத் திருப்பும். அங்கே லென்ஸின் ஒரு பக்கத்தால் வந்த உருவத்தையும் மறுபக்கத்தால் வந்த உருவத்தையும் ஒப்பிட்டு, எந்தப் பக்கம் எவ்வளவு திருப்ப வேண்டும் என்று ஒரே கணக்கில் சொல்லிவிடும். வேகத்துக்குக் காரணம் அதுதான். ஆனால் படம் விழுவது அங்கே அல்ல, பின்னால் உள்ள பெரிய சென்சரில். இரண்டு பாதையின் நீளமும் மயிரிழை பிசகாமல் ஒன்றாக இருந்தால்தான் கீழே சரியென்றது பின்னாலும் சரியாக விழும். லைவ் வியூவில் கண்ணாடி மேலே போய்விடும். படம் பதிகிற சென்சரே ஃபோகஸையும் பார்க்கும். பாதை ஒன்றுதான், பிசகவும் வழியில்லை.

80டி யில் இதை வீட்டிலேயே திருத்தலாம். ஆனால் முதலில் சோதனை. இணையத்தில் அடிமட்டத்தைச் சரித்து வைத்து அதிலேயே ஃபோகஸ் பண்ணச் சொல்வார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. சென்சர் பெரியது என்று மேலே சொன்னேனே, சரிந்த அடிமட்டத்தில் அது 14 ஐப் பிடித்ததா 16 ஐப் பிடித்ததா என்று யாருக்குத் தெரியும்?

பக்கத்துக் கடையில் 400 கிராம் பால்மாப் பெட்டி ஐந்து கடனாக வாங்குங்கள். ஒரே வகையாக இருக்கட்டும். மேசையில் இடமிருந்து வலமாக, படிக்கட்டு மாதிரி, ஒவ்வொன்றும் மற்றதைவிட 2 சென்ரிமீற்றர் பின்னால் தள்ளி, முகம் நேராகக் கமெராவைப் பார்க்க நிறுத்துங்கள். காலை பத்து மணி வெளிச்சத்தில், விறாந்தையில். கமெரா முக்காலியில், பெட்டிகளின் உயரத்தில், ஒன்றரை மீற்றர் தள்ளி. வன் ஷொட் (நிக்கோன்காரரின் ஏ.எஃப்.-எஸ் தான்), நடுப்புள்ளி மட்டும், எஃப் 1.8, ஷட்டர் வேகம் 250 இல் ஒன்றுக்குக் குறையாமல், 2 செக்கன் டைமர். நடுப் பெட்டியின் எழுத்தில் ஃபோகஸ் பண்ணி எடுங்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் லென்ஸின் வளையத்தைக் கையால் குலைத்துவிட வேண்டும். ஒருமுறை மிகக் கிட்டவாக, அடுத்தமுறை மிகத் தூரமாக. குலைக்காவிட்டால் அது இருந்த இடத்திலேயே சோம்பேறியாக நின்றுகொண்டு "சரி" என்று பீப் அடிக்கும். இப்படிப் பத்துப் படம் வியூஃபைண்டரால், மறுகா மூன்று படம் லைவ் வியூவில். கமெராத் திரையில் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், கணினியில் முழு அளவில் பாருங்கள்.

பத்திலும் நான்காவது பெட்டியே தெளிவாக நின்றால், மெனுவில் ஏ.எஃப். மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட்டில் இந்த லென்ஸுக்கு மட்டும் கழித்தல் 5 கொடுங்கள். கழித்தல் என்றால் ஃபோகஸ் உங்கள் பக்கம் வரும், கூட்டல் என்றால் அப்பால் போகும். நிக்கோனிலும் அதே கணக்கு, அங்கே பெயர் ஏ.எஃப். ஃபைன் டியூன். திரும்ப எடுங்கள். கழித்தல் 20 வரை இடமிருக்கிறது. 8 இல் சரிவந்தால் 8. கடைசியில் ஒரு கேக்கை வைத்து, நீங்கள் வழக்கமாக எடுக்கிற தூரத்திலேயே ஒருமுறை பாருங்கள். இலக்கம் எந்தத் தூரத்தில் பொருந்துகிறதோ அதற்குத்தான் முதல் மரியாதை. உங்களுக்கு அது கேக் தூரம்.

பத்துப் படமும் பத்து இடத்தில் விழுந்தால் இலக்கத்தைத் தொடாதீர்கள். வெளிச்சம் போதாது, அல்லது லென்ஸின் உள்வேலை தளர்ந்துவிட்டது. லைவ் வியூவும் மங்கல் என்றால் லென்ஸின் முன்னால் உள்ள மலிவு ஃபில்டரைக் கழற்றிவிட்டு எடுங்கள். அப்போதும் மங்கலா, லென்ஸுக்குள் டோர்ச் அடித்துப் பூஞ்சணம் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் பக்கத்து மாரிக்கு அது சிலந்தி வலை மாதிரிப் படரும்.

சோதனை முடிய பெட்டிகளைக் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். நான் ஒன்றை உடைத்துத் தேத்தண்ணி போட்டுவிட்டேன்.

*

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். கெனன் 1300டி, 75-300 லென்ஸ். வயல் பக்கம் கொக்கு, நாரை எடுப்பேன். இன்னும் கிட்ட எடுக்கலாம் என்று 2 மடங்கு கொன்வேர்ட்டர் ஒன்று வாங்கிப் போட்டேன். இப்போது லென்ஸ் முன்னும் பின்னும் ஓடுகிறதே தவிர நிற்கிறதில்லை. பழுதா?
– வாசகர், நிந்தவூர்

பதில்: வஅலைக்கும் சலாம் தம்பி. பழுதில்லை, பசி. உங்கள் கமெராவின் ஃபோகஸ் சென்சருக்கு எஃப் 5.6 அளவு வெளிச்சமாவது வேண்டும். அந்த லென்ஸ் 300 இல் ஏற்கெனவே 5.6 இல் நிற்கிறது. 2 மடங்கு கொன்வேர்ட்டர் போட்டால் எஃப் 11 ஆகிவிடும். இருட்டறைக்குள் ஊசியில் நூல் கோர்க்கச் சொல்கிற கதை அது. கொன்வேர்ட்டரைக் கழற்றிவிட்டு வரம்பில் இருந்து பொறுமையாகக் கிட்டப் போகப் பாருங்கள்.

கழற்றிய பிறகும் பகல் 11 மணிக்கு எடுத்தால் அவுட்டாகத்தான் வரும். வயலிலும் தண்ணீரிலும் இருந்து எழும்புகிற சூட்டுக் காற்று தூரத்துப் பறவையை நெளியவைக்கும். அதற்கு எந்த இலக்கமும் மருந்தில்லை. விடிய 6 மணிக்குப் போங்கள். நடுப்புள்ளி, ஏ.ஐ. சேர்வோ (கெனனில் ஏ.எஃப்.-சி க்குப் பெயர் அது), ஷட்டர் வேகம் 1000 இல் ஒன்று.

*

கேள்வி: எங்கள் ஊரில் வடமோடிக் கூத்து அரங்கேற்றம். விடிய விடிய நடக்கும். களரியைச் சுற்றி நாலு பல்புதான். போன முறை பாதிப் படம் அவுட். பிளாஷ் அடித்தால் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஏசுகிறார்.
– வாசகர், மண்டூர்

பதில்: ஏசத்தான் வேண்டும்! நான் அவர் பக்கம். ஃபோகஸுக்கு உதவியாகக் கமெரா அடிக்கிற அந்தச் சின்ன விளக்கையும் மெனுவில் அணைத்துவிடுங்கள், ராசாவாக வருகிறவரின் கண்ணில் அது குத்தும்.

கூத்து எடுக்கிறவருக்குக் கிடைத்த வரம் வட்டக்களரி. ஆடுகிறவர் சுற்றிச் சுற்றி வருவார். ஒரு வரவுத் தாளத்தில் எந்த இடத்தில் வந்து கிறுகுகிறார் என்று இரண்டு சுற்றுப் பொறுமையாகப் பாருங்கள். பல்பு வெளிச்சம் முகத்தில் விழுகிற இடமாக ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். அவர் அதில் நிற்கிறபோது ஒருமுறை ஃபோகஸ் பிடித்து, லென்ஸை எம் க்கு, அதாவது கை ஃபோகஸுக்கு, மாற்றிவிட்டு, அடுத்த சுற்றுக்குக் காத்திருங்கள். மத்தளச் சத்தம் உங்களுக்குச் சொல்லும், அழுத்து என்று. எஃப் 4, ஐ.எஸ்.ஓ. (சென்சரின் வெளிச்ச உணர்வு) 3200, படம் மணிமணியாக வந்தாலும் பரவாயில்லை. அவுட்டான படத்தைவிட மணி விழுந்த படம் நூறு மடங்கு மேல்.

ஓட்டோவில்தான் பிடிப்பேன் என்றால் கன்னத்தில் பிடிக்காதீர்கள், அரிதாரம் பூசிய கன்னம் சுவர் மாதிரி வெறுமையானது. கிரீடத்தின் விளிம்பும் நெற்றியும் சந்திக்கிற கோட்டில் பிடியுங்கள், நடுப்புள்ளியால். எஃப் 4 வைத்தால் ஃபோகஸுக்கு இருட்டாகிவிடாதா என்று கேட்பீர்கள். ஆகாது, ஃபோகஸ் பார்க்கும் நேரத்தில் லென்ஸ் முழுவதும் திறந்தேதான் இருக்கும், படம் எடுக்கிற கணத்தில்தான் சுருங்கும்.

*

கேள்வி: மண்டபங்களில் இப்போது ஊதாவும் சிவப்புமாக எல்.இ.டி. போடுகிறார்கள். பகலில் சரியாக இருக்கிற கமெரா அங்கே பிழைக்கிறது. ஃபைன் டியூன் பண்ணவா?
– வாசகர், கல்முனை

பதில்: பண்ணவே வேண்டாம். எல்லா நிறத்தையும் ஒரே இடத்தில் குவிக்கிற லென்ஸ் நம்முடைய விலையில் கிடையாது. சிவப்பு ஓரிடம், நீலம் ஓரிடம். ஒரே நிற வெளிச்சத்தில் ஃபோகஸ் சென்சரின் கணக்கு கொஞ்சம் இடறும். அந்த வெளிச்சத்துக்கு இலக்கம் வைத்தால் அடுத்த நாள் கோயில் வாசலில் எல்லாம் அவுட். முக்கியமான படத்துக்கு லைவ் வியூ, மற்றதுக்கு எஃப் 4.

மண்டபம் ஏ.சி. என்றால் இன்னொரு தொல்லையும் உண்டு. குளிரில் கிடந்த கமெராவை அப்படியே வெளியே கொண்டுவந்தால் லென்ஸ் வியர்த்துவிடும். ஃபோகஸ் பிழை என்று என்னிடம் வந்த மூன்று பேருக்கு நான் செய்த திருத்த வேலை, அரை மணி நேரம் பையை மூடி வைக்கச் சொன்னதுதான்.

*

கேள்வி: பாவித்த கெனன் 700டி ஒன்று மலிவாக வருகிறது. "கொஞ்சம் பின்னால் ஃபோகஸ் ஆகும், செட்டிங்கில் மாற்றலாம்" என்கிறார் விற்பவர். வாங்கலாமா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: கேக் தங்கச்சிக்கு மேலே சொன்ன மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட்தான் அந்த செட்டிங், 700டி யில் அதுவே இல்லை. நிக்கோனில் டி3000, டி5000 வரிசைகளிலும் இல்லை. விற்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம், தெரிந்தும் இருக்கலாம். இரண்டு லென்ஸ் கொண்டுபோங்கள். இரண்டும் பின்னால் போனால் பிழை கமெராவில். விழுந்து எழும்பிய கமெராவாக இருக்கும், உள்ளே குட்டிக் கண்ணாடி இருப்பு மாறியிருக்கும். ஒன்று மட்டும் போனால் அந்த லென்ஸில். முதலாவது என்றால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

*

கேள்வி: நேற்றிலிருந்து வியூஃபைண்டரால் பார்த்தால் எல்லாம் மங்கல், உள்ளே தெரிகிற இலக்கங்களும் மங்கல். படம் மட்டும் நல்ல தெளிவு. இது என்ன புதினம்?
– வாசகர், வாழைச்சேனை

பதில்: வியூஃபைண்டரின் பக்கத்தில் ஒரு சின்ன உருளை இருக்கும். கண்ணாடி போடுகிறவர்கள் தங்கள் பார்வைக்கு ஏற்ப மாற்றுவதற்கு. உள்ளே உள்ள இலக்கங்கள் தெளிவாகும் வரை அதை உருட்டுங்கள். வீட்டில் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்களா?